குறை சொல்லும் நளாயினி

நளாயினியை நளாயினியே போனில் கூப்பிட்டபோது திங்கட்கிழமை காலை மணி பதினொன்று பத்து.

"நல்லா இருக்கேன்டி" என்றது போனில் வந்த குரல். அதே கரகரப்பு. பேச்சு முடியும்போது லேசாக மூச்சு வாங்கும் அதே பழக்கம். "ரொம்ப ரொம்ப நல்லா இருக்கேன். இத்தனை வருஷம் ஏன் தள்ளிப் போட்டோம்னுதான் இருக்கு."

"வலி?"

"என்ன வலி?"

"ஆபரேஷன் வலி."

"அதெல்லாம் ரெண்டே நாள். மூணாம் நாள் காலைல எந்திரிச்சு ஜன்னலைத் திறந்தேன். மூஞ்சில வெயில் அடிச்சுது. அழுதுட்டேன்."

நளாயினி போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே பவளக்கா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள் என்பதால், கண் மை கரையாமல் அழத் தெரியும் அவளுக்கு.

"கேட்டியாட்டி?" என்று மூக்கை உறிஞ்சினாள். "வெயில் அடிச்சிச்சாம். இந்த டாக்டரையே எழுதிரு."

கோயம்புத்தூரில், அவிநாசி சாலையில், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது 'நாளைக்குரல்' நிறுவனம். பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே வந்து, ஆறு மாதம் கழித்து இருக்கப் போகும் தங்களோடு பேசிவிட்டுப் போவார்கள். மூட்டு மாற்றிக்கொள்கிறவர்கள் வருவார்கள். இருதயக்காரர்கள் வருவார்கள். நளாயினி திருநங்கை. முப்பத்தாறு வயதில், உடலைப் பெண்ணுடலாக மாற்றிக்கொள்ளும் பாலின உறுதி அறுவை சிகிச்சைக்காக வந்திருந்தாள்.

"ஜோசியமா இது?" என்று பவளக்கா முதலிலேயே கேட்டிருந்தாள்.

"இல்லீங்க மேடம்" என்றாள் ஆலோசகர் மிருதுளா. இருபத்தைந்து வயது, சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை. "ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க அப்புறம் எப்படி இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு பதிவு இருக்குங்க. பேர் இருக்காது. அதோட இவங்க நானூறு கேள்விக்குச் சொன்ன பதிலையும் இவங்க குரலையும் சேத்து, 'இந்த டாக்டர்கிட்டப் போனா ஆறு மாசம் கழிச்சு இவங்க இப்படித்தான் பேசுவாங்க'ன்னு மெஷின் பேசிக் காட்டும். வேணும்னா முகத்தையும் திரையில காட்டலாம்."

"முகம் வேண்டாம்!" பவளக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு நாப்பது நாளைக்குக் கண்ணாடி பாக்கக் கூடாது. நாப்பதாம் நாள் மஞ்சத் தண்ணி ஊத்தி, பச்சை சேலை கட்டி, எங்க தெய்வம் மாதாவுக்குப் பால் சடங்கு முடிச்சு, அப்புறந்தான் முகம் பாக்கணும். அது எங்க முறை. நீ இப்பமே காட்டிட்டா சடங்குக்கு நான் என்னத்தக் காட்டுறது?"

மிருதுளா முகத்தை அணைத்துவிட்டாள். குரல் மட்டும்.

வெயிலைப் பார்த்து அழுத முதல் குரல், சென்னை டாக்டர் ஆதித்ய கேசவுடையது. அதாவது, அவரிடம் போனால் கிடைக்கும் நளாயினியுடையது. பதிவுகளை வைத்து மெஷின் அவருக்குப் போட்ட மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

இரண்டாவது, பாலக்காட்டு எல்லையில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் ஷாஜு. அந்த நளாயினி வேகமாகப் பேசினாள். ஆனால், "ஒரு கொழப்பமும் இல்லா கேட்டோ" என்றாள்.

"ஏனுங்க, ஆறு மாசத்துல நான் மலையாளி ஆயிருவனா?" என்று கேட்டாள் நளாயினி.

மிருதுளா சங்கடத்தோடு திரையைப் பார்த்தாள். "இந்த டாக்டர் புதுசுங்க. மொத்தமே பதினோரு ஆபரேஷன். அதுல ஒம்பது பேர் கேரளா. பதிவு கம்மின்னா மெஷின் கொஞ்சம் தடுமாறும்."

"பதினொண்ணா? வேண்டாம். அடுத்தது போடுங்க."

மூன்றாவது, கோயம்புத்தூரிலேயே இருந்த டாக்டர் முத்துமீனாள். மதிப்பெண் அறுபத்தொன்று. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பத்தாவது மணியில்தான் எடுக்கப்பட்டது.

"யாரு?"

"நான்தான். நளாயினி."

"இப்பத்தான் கூப்பிடணுமா? இப்பத்தான் குழாயை வெச்சுட்டுப் படுத்தேன்."

"என்ன குழாய்?"

"டைலேட்டர். உள்ள பண்ணி வெச்சது சுருங்காம இருக்கறதுக்கு. முதல்ல தினம் மூணு வேளை. இப்ப ஒரு வேளை. அதுக்கு ஒரு அலாரம் வெச்சாங்க பவளக்கா, அம்மன் கோயில் உறுமி மேளம். அக்கம்பக்கம் பூரா என் டைம் டேபிள் தெரிஞ்சு போச்சு."

பவளக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் எங்கட்டி வெச்சேன்?"

"வெப்பீங்க" என்றது போன். "அப்புறம் அந்த உக்கார்ற தலகாணி. நடுவுல ஓட்டை போட்டு, உளுந்து வடை மாதிரி. அதுல ரெண்டு மாசம் உக்காந்தேன். நாலாம் நாள் உள்ள வெச்சிருந்த துணிச்சுருளை உருவினாங்க பாரு, மந்திரவாதி வாயிலிருந்து துணி எடுக்கற மாதிரி வந்துட்டே இருந்துச்சு. இடது பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு இன்னும் மரத்துப் போயிருக்கு, தொட்டா அடுத்தவங்க உடம்பு மாதிரி இருக்கு. தையல் போட்ட இடம் அரிக்குது. செவ்வாக்கெழமையானா அந்த நர்ஸம்மா போன் பண்ணிருவாங்க, கரெக்டா நான் சீரியல் பாக்கற நேரம். கண்ணாடி முன்னாடி போய் நின்னா திரும்பி வர அரை மணி நேரம் ஆகுது, ஆபீசுக்கு லேட்டு. பவளக்காவோட பூண்டுக் கொழம்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, நாப்பது நாள், ரெண்டு வேளை..."

இருபது நிமிடம் முடிந்து இணைப்பு துண்டிக்கப்பட்டபோது அது இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

பவளக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பூண்டுக் கொழம்புக்கு என்னட்டி குறை?" என்றாள் பவளக்கா.

அரசுக் காப்பீட்டில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் படிவத்தில் ஒரே ஒரு டாக்டர் பெயரைத்தான் எழுதலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டபின் மாற்ற முடியாது. கடைசி நாள், அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. விட்டால் பட்டியலில் மறுபடி கடைசிக்குப் போக வேண்டும். நளாயினி ஆறு வருடம் நின்று முன்னால் வந்திருந்த வரிசை அது.

அன்று மாலையே அவள் படிவத்தில் 'டாக்டர் ஆதித்ய கேசவ்' என்று பென்சிலால் எழுதினாள். பேனாவால் எழுத ஏனோ கை வரவில்லை.

"யோசிச்சிட்டே கெட" என்றாள் பவளக்கா. "ஒருத்தி வெயிலைப் பாத்து அழுவுதா. இன்னொருத்தி வடைத் தலகாணியப் பாத்துப் புலம்புதா. இதுல என்ன யோசனை?"

"அக்கா, நான் ஆறு மாசம் ஒரு குறையும் சொல்லாம இருப்பனா?"

பவளக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். இருவரும் ஒரே குருவுக்கு மகள்கள். ஜமாத் என்னும் திருநங்கையர் குடும்ப உறவில் அக்கா தங்கை. நான்காவது மாடி வீட்டில் எட்டு வருடமாக ஒன்றாகக் குடியிருந்தார்கள். அந்த எட்டு வருடத்தில் உப்பு, தண்ணீர் வரத்து, மேல்வீட்டு மிக்ஸி, மழை, மழை வராதது எதைப் பற்றியும் நளாயினி பேசாமல் இருந்த நாள் இல்லை.

"சந்தோஷத்துல மாறியிருப்ப" என்று சொல்லிவிட்டுப் பவளக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். பூண்டு உரிக்கும் சத்தம் கேட்டது.

நளாயினிக்கு லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் புகார் மையத்தில் வேலை. பதினோரு வருடமாக, காதில் மாட்டிய கருவியோடு, நகரத்தின் லிஃப்ட்டுகள் எல்லாம் எங்கெங்கே நிற்கின்றன, எப்படி முனகுகின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுகள் இப்போது தாமாகவே பேசின, வணக்கம் சொல்லின, பிறந்தநாளுக்குப் பாடின. நிற்பது மட்டும் பழையபடிதான்.

அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. மூன்று மாதமாக ஒரு புகாரும் வராத லிஃப்ட்டுகளின் பட்டியல் புதன்கிழமை தோறும் திரையில் வரும். அவற்றுக்கு இவர்களே போன் போட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை பட்டியலில் முதலில் நின்றது சரவணம்பட்டியில் ஒரு குடியிருப்பு. காவலாளி எடுத்தார்.

"லிஃப்ட் எப்படிங்க இருக்கு?"

"லிஃப்ட்டுங்களா? அது நின்னு ரெண்டு மாசமாச்சுங்க அம்மிணி."

"ரெண்டு மாசமா? ஏனுங்க புகார் சொல்லல?"

"ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. அப்புறம் எல்லாரும் படியில ஏறப் பழகிட்டாங்க. மேல இருந்த வயசானவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்க."

நளாயினி கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்து இருக்கை யாழினி என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு போன் பண்ணணும்."

மிருதுளா உடனே எடுத்தாள். "முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

"ஒரு சந்தேகம். தொண்ணூத்தேழு வாங்கின டாக்டர் இருக்காரே, அவரு மொத்தம் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காருங்க?"

விசைப்பலகைச் சத்தம். "நூத்தி நாப்பதுங்க."

"அதுல எத்தனை பேரோட பேச்சு உங்க மெஷின்ல இருக்கு?"

மறுபடி சத்தம். இந்த முறை சற்று நேரம் எடுத்தது. "முப்பத்தெட்டு."

"மிச்சம் நூத்தி ரெண்டு பேர்?"

"அவர் மருத்துவமனைல ஆறாவது மாசம் செக்கப்புக்கு வரச் சொல்லுவாங்க மேடம். வந்தவங்க சொல்றதைப் பதிவு பண்ணுவாங்க. வராதவங்க..." மிருதுளா நிறுத்தினாள். "வராதவங்க நல்லா இருக்காங்க, அதனாலதான் வரலைன்னு எடுத்துக்கறோம்."

"சரி. அறுபத்தொண்ணு வாங்கின டாக்டரம்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு ஆபரேஷன். பதிவு... இருநூத்தி ஒம்பது. மூணு பேர் இல்ல. ரெண்டு பேர் வெளிநாடு போயிட்டாங்க, ஒருத்தர் சாலை விபத்துல தவறிட்டார்னு குறிப்பு போட்டிருக்காங்க." மிருதுளாவின் குரல் மெதுவானது. "இவங்க செக்கப்புக்குக் காத்துட்டு இருக்கறதில்ல மேடம். நர்ஸ் ஒருத்தர் செவ்வாய்க்கிழமை ஆனா எல்லாருக்கும் அவங்களே போன் பண்றாங்க. ஆறு மாசம்."

"அதான் அந்த நளாயினி அப்படிப் புலம்பினா."

"மேடம், இதை நான் எங்க மேலாளர்கிட்டச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. புகாராவே எழுதிக் குடுங்க. அப்பத்தான் பாப்பாங்க."

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பவளக்காவிடம் கேட்டாள்: "சென்னை டாக்டர்கிட்டப் போனவங்க யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"கனகா போனா. ரெண்டு வருஷம் ஆச்சு. போய்ட்டு வந்ததும் நம்பரை மாத்திட்டா. சடங்குக்குக்கூடக் கூப்பிடல. எல்லாம் கெடைச்சிட்டுன்னு திமிரு." பவளக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. கனகாவுக்கு முதன்முதலில் சேலை கட்டிவிட்டவள் அவள்தான்.

புகார் மையத்துக்காரிக்கு நம்பர் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, அங்கிருந்து ஒரு தையல்கார அக்கா, அங்கிருந்து கனகா. நான்காவது போனில் ஆள் கிடைத்தாள்.

"நல்லா இருக்கேன்" என்றாள் கனகா உடனே. சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"கனகா, நான் டாக்டரைப் பாத்துப் பேர் எழுதணும். வெள்ளிக்கிழமை கடைசி. அவரையே எழுதட்டுமா?"

எதிர்முனையில் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது தூரமானது. கனகா வெளியே வந்திருக்க வேண்டும்.

"எழுதாத" என்றாள்.

"என்னாச்சு?"

"மூணாம் மாசமே உள்ள சுருங்கிப் போச்சு. ஒண்ணுக்குப் போனா நேரா வராது, தெறிக்குது. போன் பண்ணேன். டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கார், ஆறாம் மாசம் வாங்கன்னாங்க. அங்க செவுரு பூரா சிரிச்ச மூஞ்சியா போட்டோ மாட்டியிருப்பாங்க, பாத்திருக்கியா? அந்தச் செவுருக்கு முன்னாடி போய் நின்னு இதை எப்படிச் சொல்றது? நான்தான் சரியாப் பாத்துக்கலையோன்னு இருந்துச்சு. போகல." குரலைத் தாழ்த்தினாள். "இங்க கம்பெனில எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்கறதையே கொறச்சுட்டேன். காலைல அரை டம்ளர், சாயந்திரம் அரை டம்ளர்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பவளக்கா பூண்டும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள். மெதுவாக வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி கனகா."

"அக்கா..."

"ரெண்டு வருஷமா உன்னை ஏசிட்டுக் கெடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லப்படாதாட்டி?"

"சடங்குக்கு நீ ஆசையா எல்லாம் வாங்கி வெச்சிருந்த. பச்சை சேலையெல்லாம். எப்படிக்கா சொல்றது?"

பவளக்காவுக்கு இந்த முறை மை கரைந்துவிட்டது. "மொதல்ல போய் ஒரு செம்பு தண்ணி குடி. நான் லைன்லயே இருக்கேன். போ."

வியாழக்கிழமை டாக்டர் முத்துமீனாளைப் பார்க்கப் போனார்கள். சின்ன மருத்துவமனை. சுவரில் போட்டோ எதுவும் இல்லை. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த கொண்டை, காரைக்குடிப் பேச்சு, சிரிக்காத முகம்.

"எத்தனை பேருக்குச் சரியா வரலை டாக்டர்?" என்று நளாயினி எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"பத்தொன்பது பேருக்கு மறுபடி பண்ண வேண்டியிருந்துச்சு. அதுல மூணு, என் கைத் தப்பு. மத்தது உடம்பு ஆறுற விதம். என்ன தப்புன்னு சொல்லவா?"

சொன்னார். நாற்பது நிமிடம் சொன்னார். தாளில் படம் போட்டார், அழித்துப் போட்டார். பவளக்கா நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கடைசியில் டாக்டர் கேட்டார்: "உங்களுக்குக் குறை சொல்ல வருமா?"

"டாக்டர், தொழிலே அதுதானுங்க."

"சொல்றதா, கேக்குறதா?"

"எட்டு மணி நேரம் கேப்பேன். மிச்ச நேரம் சொல்வேன்."

"அதுக்கு நான் சாட்சி" என்றாள் பவளக்கா.

டாக்டர் முதன்முறையாக லேசாகச் சிரித்தார். "அப்பச் சரி. பல்லைக் கடிச்சிட்டு இருக்க ஆளுதான் எனக்குப் பயம்."

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு நளாயினி பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் எல்லாம் போனில் கேட்டபடியேதான் நடந்தது. நாலாம் நாள் துணிச்சுருளை உருவினார்கள். அது மந்திரவாதி வாயிலிருந்து வருவது போலவே வந்தது. நளாயினி வலியை மறந்து சிரித்துவிட்டு, சிரித்ததால் வலித்து, அதற்காக ஒரு புகார் சொன்னாள். வடைத் தலையணை வந்தது. அலாரத்துக்கு உறுமி மேளம் வைக்கக் கூடாது என்று பவளக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பவளக்கா நாதஸ்வரம் வைத்தாள். அது அதைவிடச் சத்தம்.

எட்டாம் நாள் வீடு திரும்பும்போதுதான் சிக்கல். பவளக்கா வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் மூடியிருந்தாள். அலங்காரக்காரி வீட்டில் அது சின்ன எண்ணிக்கை இல்லை, பதினான்கு. பளபளப்பான எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, நளாயினியின் போன் கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டி, டிவிமேல் போர்வை போர்த்தியிருந்தாள். ஆனால் நான்காம் மாடிக்குப் போக லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும். லிஃப்ட்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி.

"கண்ணை மூடிக்கறேன்க்கா."

"நீயா? பாதி வழியில தொறந்து பாப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் யாழினி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, உடம்பு பரவால்லையா? உங்க அபார்ட்மென்ட்லருந்து ஒரு புகார். லிஃப்ட் கண்ணாடிக்கு யாரோ பட்டுச் சேலை கட்டி விட்டிருக்காங்களாம். எந்த வகைல போடறதுன்னு தெரியல."

"பராமரிப்புன்னு போடு. நாப்பது நாள்ல சரியாயிரும்."

செவ்வாய்க்கிழமைகளில் நர்ஸ் ஜெபசெல்வி கூப்பிட்டாள். நாகர்கோவில்காரி. சீரியல் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம், தவறாமல். "குறை உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. உண்டு என்பதுதான் எப்போதும் பதில். எரிச்சல், வீக்கம், இடது பக்க மரப்பு, குழாய், நாதஸ்வரம், பூண்டுக் குழம்பு. ஜெபசெல்வி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். மூன்றாவது வாரம், "சின்ன வாடை மாதிரி" என்று நளாயினி போகிறபோக்கில் சொன்ன ஒன்றுக்கு, "அம்மா, ஒடனே ஆட்டோ பிடிச்சு வாங்க" என்றாள். தொற்று ஆரம்பித்திருந்தது. இரண்டு நாளில் அடக்கிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தையல் பிரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அதே மருத்துவமனையில் அந்த வாரம் கனகாவுக்குத் திருத்தச் சிகிச்சை நடந்தது. பவளக்கா கல்யாண முகூர்த்தம் மூன்றைத் தள்ளிவிட்டு, இரண்டு தங்கைகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கனகாவைப் பழிவாங்கினாள். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

"போதும்க்கா, வயிறு வெடிச்சிரும்."

"ரெண்டு வருஷத்துப் பாக்கி. குடிட்டி."

நாற்பதாம் நாள் விடியலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பச்சை சேலை. தலையில் பால் குடம். குரு அம்மா மாதா படத்துக்கு முன்னால் சூடம் காட்டினாள். குளத்தில் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும், பவளக்கா பெரிய கண்ணாடியின் போர்வையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, உருவினாள்.

நளாயினி பார்த்தாள்.

எல்லாரும் அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். பவளக்கா கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

"பொட்டு கோணலா இருக்கு" என்றாள் நளாயினி. நேராக்கினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். காதோரம் ஒரு முடியை ஒதுக்கினாள். தோளைப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பினாள். நேராகத் திரும்பினாள்.

குரு அம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். இட்லி முடிந்தது. கேசரி முடிந்தது. கனகா மூன்றாவது டம்ளர் தண்ணீரைத் தானாகவே குடித்தாள்.

"ஏட்டி, இன்னுமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள் நளாயினி.

இருபத்தாறாவது செவ்வாய்க்கிழமை, ஜெபசெல்வி கடைசியாகக் கூப்பிட்டாள். நளாயினி வேலைக்குத் திரும்பி மூன்று மாதமாகியிருந்தது.

"ஆறு மாசம் ஆச்சுல்லா. இன்னையோட முடியுது. கடைசியா ஏதாச்சும் குறை உண்டா?"

நளாயினி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். யோசித்தாள். இடது பக்க மரப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. தலையணை பரணுக்குப் போய்விட்டது.

"சிஸ்டர், குறையில்லாத ஒண்ணு சொல்லணும். எழுதிப்பீங்களா?"

"அது பற்றாதே அம்மா, எழுத முடியாது. இந்தப் படிவத்துல குறைக்கு மட்டும்தான் எடம். டாக்டரம்மா உத்தரவு. நல்லதெல்லாம் எழுத ஆரம்பிச்சா, எல்லாரும் நல்லதையே சொல்லிட்டுக் கெட்டதை முழுங்கிருவாங்கன்னு."

நியாயம்தான் என்று பட்டது. ஆனாலும், நாளைக்குரலின் ஏழாவது மாடியில் இனி உட்காரப் போகிற யாரோ ஒருத்தியை நளாயினி நினைத்தாள். அவள் காதில் வடையும் குழாயும் அரிப்பும் மட்டுமே போய் விழும். மிருதுளா கொடுத்த புகாருக்குப் பிறகு அங்கே மதிப்பெண் பக்கத்திலேயே எத்தனை பேரின் பதிவு என்றும் போட ஆரம்பித்திருந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்து அவள் சரியான டாக்டரைத்தான் எழுதுவாள். ஆனால் பயந்துகொண்டே எழுதுவாள்.

"அப்ப ஒரு புகார் எழுதிக்குங்க" என்றாள் நளாயினி.

"சொல்லுங்க."

"கண்ணாடி முன்னாடி போய் நின்னா திரும்பி வர அரை மணி நேரம் ஆகுது. ஆபீசுக்கு லேட்டாகுது."

எதிர்முனையில் பேனா ஓடவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அதுக்குத் தனியா ஒரு எண்ணே உண்டும்மா. பதினாலாம் நம்பர். நீங்க எம்பத்திமூணாவது ஆளு."

போனை வைத்தபின்தான் நளாயினிக்கு நினைவு வந்தது. ஆறு மாதத்துக்கும் முன் ஒரு திங்கட்கிழமை, அரிப்புக்கும் பூண்டுக் குழம்புக்கும் நடுவே, அவளுடைய குரலில் இதை யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டு, என்ன புலம்பல் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினாள். பின்சுவர்க் கண்ணாடியில் இப்போது சேலை இல்லை. லிஃப்ட் வணக்கம் சொன்னது. தரைத்தளத்துக்கு வந்தது, கதவைத் திறந்தது, காத்திருந்தது, கதவை மூடிக்கொண்டு யாரோ கூப்பிட்டதால் ஆறாம் மாடிக்குப் போனது, அவரை ஏற்றிக்கொண்டு மறுபடி கீழே வந்தது.

"ஏனுங்க, நீங்க எறங்கலீங்களா?" என்றார் ஆறாம் மாடிக்காரர்.

"இதோ" என்றாள் நளாயினி, திரும்பாமலே.